பாலத்தின் அடிப்பக்கம்

வெஞ்செஸ்லாவோ கத்துவதை நிறுத்திய அன்றுதான் ஒதிலியாவுக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

வெஞ்செஸ்லாவோ, உருகுவாயில் பாசோ ஓந்தோ என்ற எங்கள் சின்ன ஊரின் தபால்காரர். உறைக்குள் வருவது கடிதம், அதைப் பிரிப்பது பாவம். திறந்து வருகிற படக்கார்டு ஊருக்கே வருவது, அதைப் படிக்காமல் கொடுப்பது மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. ஊரில் வேறு யாருக்கும் படக்கார்டு வராததால் இந்தக் கொள்கை முழுக்க ஒதிலியாவின் தலையில்தான் விடிந்தது. தெருமுனையில் சைக்கிள் திரும்பும்போதே, மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் ஒரு ‘தோன்யா’ போட்டு, சேதி வந்துவிடும்.

“தோன்யா ஒதிலியா! ஜப்பான்காரி வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு! அத்தனையும் வெள்ளை!”

எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். ரொட்டிக்கடைக்காரி வெளியே வந்து, “அப்பன் யாருன்னு எழுதியிருக்காளா?” என்று கேட்பாள். தெருவே சிரிக்கும். ஒதிலியா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, வாயில் கவ்விய குண்டூசிகளோடு வாசலுக்கு வருவாள். முதலில் தபால்தலையைப் பார்ப்பாள், அப்புறம் படத்தை, கடைசியில்தான் எழுத்தை. எழுத்தைத்தான் ஏற்கெனவே தெருவே கேட்டாயிற்றே.

எழுபத்தேழாம் வருஷம் மார்ச்சில், எங்கள் பக்கத்துக் கோடை முடிகிற சமயம், வெஞ்செஸ்லாவோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சத்தமில்லாமல் சுவரில் சாத்தினார். கார்டைப் படம் மேலே தெரியும்படி நீட்டிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

“என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?” என்றாள் ஒதிலியா.

“இனிமே நான் படிக்கிறதில்ல தோன்யா.”

“ஏன்?”

“எனக்கு முன்னாடியே வேற யாரோ படிச்சுடறாங்க.”

அவர் போன பிறகு கார்டைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் நீலப் பென்சிலால் ஒரு சின்ன கோடு. அந்தக் கோடு போட்டது தபாலாபீஸ் கை இல்லை, பட்டாளத்துக் கை என்று அவளுக்குப் புரிந்தது.

ஒதிலியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண உடுப்பும், மீதிப் பேருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வெள்ளை அங்கியும் தைத்துக் கொடுத்தவள். தலைநகரத்துக்கே ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள், அதுவும் பல் பிடுங்க. கல்யாணமான புதிதில், துணி சுற்றி வந்த பழைய பத்திரிகையில், பெல்ஜியத்தில் ஒரு பெண்மணி நடத்திய படக்கார்டு வட்டத்தின் விலாசத்தைப் பார்த்து, விளையாட்டாக ஒரு கார்டு போட்டாள். போட்டவளுக்குப் பதில் வந்தது. அப்புறம் அவள் அடங்கவில்லை. வட்டத்தில் யார் எதைச் சேர்க்கிறார்கள் என்று சுற்றறிக்கை வரும். ஜப்பானில் ஹாருயே பூனை சேர்த்தாள். ஃபின்லாந்தில் ஒருவர் மஞ்சள் கட்டடம் மட்டும் சேர்த்தார். ஒதிலியா தான் ஒன்றும் குறிப்பாகச் சேர்க்கவில்லை, வருவதெல்லாம் வேண்டும் என்றிருந்தாள். “இதென்ன, வீட்டுல வெச்சா சோறு போடுமா?” என்று கேட்ட நாத்தனாருக்கு, “உங்க அண்ணன் மீன் பிடிக்கப் போறாரே, இதுவரைக்கும் ஒரு மீனாவது போட்டிருக்கா?” என்று திருப்பிக் கொடுத்தாள்.

வட்டத்துக்குச் சில வழக்கங்கள் உண்டு. வந்த கார்டுக்குப் பதில் போடாமல் இருக்கக் கூடாது. கேட்ட படம் கிடைத்தால் அனுப்ப வேண்டும். வட்டத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்தால், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் ஆளுக்கொரு கார்டு போட வேண்டும். போர்ச்சுகலில் ஒரு ரொட்டிக்காரர் கூரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, ஒதிலியாவும் போட்டாள். அப்போது அவள் கைவசம் பசு மாட்டுப் படம் ஒன்றுதான் இருந்தது. அதன் பின்னால் ‘சீக்கிரம் எழுந்து நடக்கவும்’ என்று எழுதி அனுப்பினாள்.

அன்றைக்கு நீலக் கோட்டோடு வந்த கார்டு, செக்கோஸ்லோவாகியாவில் ஒலோமோட்ஸ் என்ற ஊரில் இருந்த யாரோமிர் எழுதியது. யாரோமிர் பல் வைத்தியர். பாலம் சேர்ப்பவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பாஷையில் எழுதுவார், அதனால் அவர் எழுதுவதெல்லாம் உத்தரவு மாதிரி இருக்கும். வருஷா வருஷம் புத்தாண்டுக்கு ஒரு பாலம் அனுப்பி, பதிலுக்கு ஒரு பாலம் கேட்பார். எங்கள் ஊர்க் கடையில் விற்றதே நாலைந்து படங்கள்தான்: சதுக்கம், மாதா கோயில், பட்டாளத்து முகாம், ரயில் பாலம் இடப்பக்கத்திலிருந்து, ரயில் பாலம் வலப்பக்கத்திலிருந்து. இரண்டு பாலத்தையும் அவள் அனுப்பியாயிற்று.

“பாலம் கிடைத்தது. மிக நன்று,” என்று எழுதியிருந்தார். “இரு பக்கங்களும் இப்போது என்னிடம் உள்ளன. இனி அடிப்பக்கம் தேவை. தூண்களின் படம் இருப்பின் உடனே அனுப்புக. யாரோமிர்.”

‘அடிப்பக்கம்’ என்ற இடத்திலும் ‘தூண்களின்’ என்ற இடத்திலும் நீலப் பென்சில் அடிக்கோடு போட்டிருந்தது.

சாயங்காலம் எலியோ வேலையிலிருந்து வந்தான். எலியோ அவள் புருஷன். ரயில்பாதைக் கூலி கோஷ்டியில் ஒருவன். பாலத்தின் மரக்கட்டைகளையும் போல்ட்டுகளையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து முடுக்குவது அவன் வேலை. மாத்தே இலைத் தேநீர் குடிக்கச் சமையலறையில் உட்கார்ந்தவன், கார்டைப் படித்தான். உறிஞ்சியது வாயிலேயே நின்றுவிட்டது.

“என்ன கிழவி இது?”

எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியைக் கல்யாணமான மறுநாளிலிருந்தே கிழவி என்றுதான் கூப்பிடுவான். அதில் கொஞ்சல்தான் அதிகம். அன்றைக்கு அதில் கொஞ்சல் இல்லை.

“யாரோமிர்தான். பல் டாக்டர். உனக்குத் தெரியுமே.”

“எனக்குத் தெரியும். கோடு போட்டவனுக்குத் தெரியுமா? நீ பாலத்தை அனுப்பறே. நான் பாலத்துல வேலை செய்யறேன். அவன் கம்யூனிஸ்ட் நாட்டுக்காரன். இந்த மூணையும் சேத்து ஒரு வரில எழுதிப் பாரு.”

“அட, அவரு பாவம், பாலம்னா அவருக்கு ஒரு பைத்தியம்.”

“பைத்தியம்னு சொன்னா முகாம்ல விட்டுடுவாங்களா?”

ஒதிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சர்க்கார் சம்பளம் வாங்கும் ஆட்களை, எவ்வளவு நம்பலாம் என்று பார்த்து, முட்டை மாதிரி ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். எலியோ இதுவரை ஏ. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள், ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லை. அவர் சம்சாரம் கடைக்கு வந்தால் மற்ற பெண்கள் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் அப்படித்தான் இருந்தோம், பெருமைப்பட ஒன்றுமில்லை.

“எழுதாதேன்னு எழுதிடு,” என்றான் எலியோ.

“ஏன்னு கேப்பாரே? கார்டுல எப்படி எழுதறது? போற வழியெல்லாம் படிப்பானே.”

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, யாருக்கும் வம்பில்லாத மாதா கோயில் படம் ஒன்றை எடுத்து, பின்னால் எழுதினாள்: ‘எனக்கு உடம்பு சரியில்லை. முடியவில்லை. கொஞ்ச காலத்துக்குக் கார்டு போட வேண்டாம். மன்னிக்கவும்.’

எலியோ படித்துப் பார்த்து, “கெட்டிக்காரி,” என்றான்.

ஆனால் கார்டு தபால்பெட்டியில் விழுவதற்கு முன்பே அவர்கள் முடிவு செய்திருந்தார்கள் போலிருக்கிறது. அடுத்த வாரம் மத்தியானம், கோஷ்டியில் எலியோவோடு வேலை செய்தவன் ஒருவன் அவள் வாசலுக்கு வந்து சாப்பாட்டு டப்பாவை வைத்தான். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை.

“லாரி வந்துச்சு. பாலத்துமேலேயே வெச்சு ஏத்திட்டாங்க. சுத்தியலைக்கூடக் கீழ வைக்க விடல.”

டப்பாவைத் திறந்தாள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறி, காலையில் அவள் வைத்தது, வைத்தபடி இருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எறியவும் மனசில்லை, தின்னவும் முடியவில்லை. நாலைந்து நாள் மூடியே வைத்திருந்தாள்.

முகாமுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு வாராவாரம் துணிமூட்டை கொண்டுபோகலாம். வாசலில் சிப்பாய் வாங்கிக்கொள்வான். ஆள் இருக்கிறானா, எப்படி இருக்கிறான் என்று கேட்டால் பதில் வராது. ஆனால் போன வாரத்து அழுக்குத் துணி திரும்பி வந்தால், அதைப் போட்டிருந்தவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். ஒதிலியா வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, அந்தச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தையல் தையலாகப் பார்ப்பாள். முதல் வாரம் காலரில் வேர்வைதான். இரண்டாவது வாரம் வலது கைப்பட்டி கிழிந்திருந்தது. கிழிசலைப் பார்த்தால் எப்படிக் கிழிந்தது என்று சொல்லிவிடுவாள் அவள், தொழில் அது. இது ஆணியில் மாட்டிக் கிழிந்ததில்லை. யாரோ பிடித்து இழுத்ததில் கிழிந்தது. உட்கார்ந்து அழுதுவிட்டு, தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த மூட்டையில் வைத்தாள்.

அந்த வாரமே அவளையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கேப்டன் இரிபார்னேவுக்கு முப்பது வயசு தாண்டியிருக்காது. நகமெல்லாம் ஒழுங்காக வெட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். ஒதிலியா தலை நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். சட்டைக் கைப்பட்டியில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிற நூலால் தைத்திருந்தது, தைக்கத் தெரியாத கை தைத்தது. அதைப் பார்த்து அவளுக்குத் தைரியம் வரவில்லை. பட்டனைக்கூடத் தானே தைத்துக்கொள்கிற ஆள் யாரையும் நம்பாத ஆள் என்றுதான் தோன்றியது.

மேஜைமேல் அவளுடைய கார்டுகள் கிடந்தன. அவளுக்கு வந்தவையும் உண்டு. அவள் அனுப்பி, ஊரைத் தாண்டாதவையும் உண்டு.

“இந்த யாரோமிர் யாரு?”

“பல் வைத்தியர், கேப்டன்.”

“எத்தனை தடவை பாத்திருக்கே?”

“பாத்ததே இல்ல.”

“பாக்காதவனுக்கு ஏன் பாலத்தை அனுப்பறே?”

“அவரு கேட்டாரு.”

சொன்ன பிறகுதான், சொன்னது எப்படி இருக்கிறது என்று அவள் காதுக்கே கேட்டது.

“கேட்டா அனுப்பிடுவே. முகாமைக் கேட்டாலும் அனுப்புவே, இல்லையா?” கேப்டன் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி அவள் முன்னால் போட்டார். பட்டாளத்து முகாம், ஃபின்லாந்து விலாசம்.

“அவரு மஞ்சள் கட்டடம் சேக்கறவரு,” என்றாள் ஒதிலியா. குரல் உள்ளேயே போயிற்று. “நம்ம ஊர்ல மஞ்சளா இருக்கிறது இது ஒண்ணுதான். ஜப்பான்ல ஒருத்தி பூனை சேக்கறா, கேப்டன். அவளுக்கு ரொட்டிக்கடைப் பூனையைக்கூட…”

“எனக்குப் பூனைக் கதை வேண்டாம். பாலத்தோட தூணை ஒருத்தன் எதுக்குப் பாக்கணும்? வெடி வைக்கிறவனைத் தவிர?”

“அழகுக்கு.”

கேப்டன் கார்டுகளைத் தட்டி அடுக்கினார்.

“உன் புருஷனும் இதையேதான் சொல்றான். அழகுக்காம். ரெண்டு பேரும் ஒரே பாடத்தை மனப்பாடம் பண்ணியிருக்கீங்க.”

எலியோ உயிரோடு இருக்கிறான், பேசுகிறான் என்று அவளுக்கு அதில்தான் தெரிந்தது. அடுத்த நொடியே இன்னொன்றும் தெரிந்தது. உண்மையைத் தவிர அவர்களிடம் சொல்ல வேறு கதை இல்லை. அந்த உண்மைதான் கேப்டனுக்குச் சதி மாதிரி இருக்கிறது. எலியோ எத்தனை தடவை சொன்னாலும் அதையேதான் சொல்வான், சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் கேட்பார்கள். அந்தக் கிழிந்த கைப்பட்டி அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அதற்கடுத்த வாரம் மூட்டையை வாங்கிக்கொண்ட சிப்பாய், திருப்பித் தர ஒன்றும் இல்லை என்றான். அழுக்குத் துணி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அப்போதுதான் கார்டுகள் வர ஆரம்பித்தன.

முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் கை நிறைய. அப்புறம் வெஞ்செஸ்லாவோ அவளுக்கென்று தனியாக ஒரு பை கொண்டுவந்தார், மேலே கீரைக்கட்டை வைத்து மூடி. மேஜைமேல் கொட்டினார். மே மாதம் பிறக்கிற சமயம். கம்யூனிஸ்ட் நாடுகளில் மே தினத்துக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார்கள், நாம் கிறிஸ்துமஸுக்கு அனுப்புகிற மாதிரி. கடைகளில் அதுதான் கிடைக்கும். ப்ராக் நகரிலிருந்து செங்கொடி. சோஃபியாவிலிருந்து செங்கொடியும் சிவப்புப் பூவும். லெனின்கிராடிலிருந்து செங்கொடி, புறா, சுத்தியல் பிடித்த ஒரு ஆள். நடுவில் போர்ச்சுகல் ரொட்டிக்காரர் அனுப்பிய பசு மாடு ஒன்று. ஒவ்வொன்றின் மூலையிலும் நீலக் கோடு.

“தோன்யா,” என்றார் வெஞ்செஸ்லாவோ. “இதையெல்லாம் நான் ஆத்துல போட்டுடறேன். யாருக்கும் தெரியாது.”

“கோடு போட்டவனுக்குத் தெரியும். ஒண்ணு குறைஞ்சா எங்கன்னு கேப்பான். உங்களைத்தான் கேப்பான்.”

“எதுக்கு இப்படி அனுப்பறாங்க? என்ன செஞ்சீங்க அவங்களுக்கு?”

அவள் ஒரு கார்டைத் திருப்பினாள். ‘வேதனையில் இருக்கும் உங்களோடு நாங்கள் இருக்கிறோம்.’ இன்னொன்று: ‘தைரியமாக இருங்கள். உங்களை மறக்கமாட்டோம்.’ இன்னொன்றில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பே கையெழுத்துப் போட்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரோமிர் வட்டத்துக்கு அறிவித்துவிட்டார். நல்ல மனுஷர், வழக்கப்படி செய்திருக்கிறார். சுற்றறிக்கையில் போட்டிருப்பார்கள்: உருகுவாயில் நம் ஒதிலியா நோயுற்றிருக்கிறார், ஆளுக்கொரு கார்டு.

“நான் சீக்குன்னு எழுதினேன்,” என்றாள். “கார்டு வராம இருக்கணும்னு எழுதினேன்.”

வெஞ்செஸ்லாவோ தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவள் அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தாள், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. உலகத்தில் இத்தனை பேர் அவள் நல்லா இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒவ்வொரு கார்டும் எலியோவின் சவப்பெட்டியில் அடிக்கிற ஆணியாகத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லி எழுதினால் அது போய்ச் சேருவதற்குள் இன்னும் வந்துவிடும். அப்படி எழுதுகிற கார்டையும் முதலில் படிப்பவன் அவன்தான். நான் கொன்றுவிட்டேன், நானேதான் கொன்றுவிட்டேன் என்று அவள் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்ததாக ரொட்டிக்கடைக்காரி பிற்பாடு சொன்னாள்.

மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“உக்காருங்க, தோன்யா,” என்றார் கேப்டன் இரிபார்னே.

போன தடவை ‘நீ’ என்றவர். இப்போது ‘தோன்யா’. சேதி சொல்லப் போகிறார், எலியோ போய்விட்டான், அதனால்தான் மரியாதை என்று நினைத்தாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

மேஜைமேல் இன்னும் கார்டுகள். இவை அவளுக்கு வந்தவை இல்லை. அவள் தெரு தெரியாதவர்கள் ‘பாசோ ஓந்தோ ஊர்த் தலைவருக்கு’ என்று எழுதியிருந்தார்கள். ஊரில் தலைவர் என்று மிஞ்சியிருந்தது கேப்டன்தான். ‘எங்கள் தோழி ஒதிலியா எப்படி இருக்கிறார் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.’ பெல்ஜியத்துப் பெண்மணி ஒரு படி மேலே போய், எங்கள் நாட்டுத் தூதரகத்துக்கே எழுதிக் கேட்டிருந்தாள்.

“தலைநகர்லேர்ந்து கர்னல் போன் பண்ணினாரு,” என்றார் கேப்டன். “ரெண்டு தடவை. பாசோ ஓந்தோங்கிற ஊரை அவர் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லையாம். இப்ப தூதர் கேக்கறாராம், யாரு அந்தப் பொம்பளைன்னு. வெளிநாட்டுக்காரன் வாயில நம்ம முகாம் பேரு வரக் கூடாதுன்னு கத்தறாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “இவங்களுக்கு யாரு சொன்னது?”

“என்னது, கேப்டன்?”

“நீங்க கஷ்டத்துல இருக்கீங்கன்னு.”

ஒதிலியா வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வரி போதும். நான் சீக்கு என்று பொய் எழுதினேன், இவர்களுக்கு என் புருஷனைப் பற்றி ஒரு எழவும் தெரியாது, இது வெறும் வட்டத்து வழக்கம். பொய் சொல்லிப் பழகாதவள். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது கேப்டனின் கட்டைவிரல் அந்த வேறு நூல் பட்டனைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தாள். பட்டன் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. பயந்து நடுங்குகிறவளுக்கு இன்னொருத்தன் பயம் தெரியாமல் போகுமா? இந்த ஆளும் பயந்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் பயம் விட்டுப்போகும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரிப்பான். எலியோ உள்ளேயே இருப்பான்.

“நான்தான் எழுதினேன்,” என்றாள்.

“என்னன்னு?”

“உடம்பு முடியலைன்னு. வேற ஒண்ணும் எழுதல. நீங்களே படிச்சிருப்பீங்களே.”

கேப்டன் படித்திருந்தார். உடம்பு சரியில்லை என்ற வரி எதற்குச் சங்கேதம் என்று பிடிபடாததுதான் அவரை அரித்தது என்று முகத்தில் தெரிந்தது.

“இன்னும் எத்தனை வரும்?”

அவள் இதயம் அடித்த அடியில் ரவிக்கை துடித்தது. அதை அவர் பார்த்துவிடப் போகிறாரே என்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“தெரியல, கேப்டன். ஜப்பான் கார்டெல்லாம் கப்பல்ல வரும். அதுக்கு இன்னும் நாளாகும்.”

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் பாவமன்னிப்புக் கேட்கப் போகும்போது இதைச் சொல்வதா வேண்டாமா என்று பிறகு ரொம்ப நாள் குழம்பினாள்.

அந்த வாரம் மூட்டையோடு போனபோது சிப்பாய் அதை வாங்கவில்லை. “வேண்டாம். ஆளையே கூட்டிட்டுப் போ,” என்றான். எலியோ வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான். அவள் தைத்துக் கொடுத்த கைப்பட்டிச் சட்டை அவன் மேல் யாரோ பெரிய ஆளுடைய சட்டை மாதிரி தொங்கியது. வீட்டுக்கு வந்ததும், கதவைப் பார்த்தபடி இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தான். அதன் பிறகு எப்போதும் அங்கேதான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

விட்டதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கார்டு போட்ட ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் அவள் நலமென்று எழுத வேண்டும். கார்டுகளை முகாமே கொடுத்தது, எல்லாம் சதுக்கத்துப் படம். பாலமும் முகாமும் கடையிலிருந்தே காணாமல் போயிருந்தன. குளிர்காலம் பூராவும் ஒதிலியா உட்கார்ந்து ‘நலம். நன்றி’ என்று எழுதினாள். எழுதி முடித்ததைச் சிப்பாய் வந்து வாங்கிப் போவான். ஜப்பான் கார்டு வசந்தத்தில் வந்தது, வெள்ளைப் பூனை. அதற்கும் எழுதினாள்.

அந்த வசந்தத்திலேயே யாரோமிரும் எழுதினார்.

“தாங்கள் குணமடைந்தது அறிந்து மகிழ்ச்சி. நண்பர்களுக்கு அறிவித்தவன் நானே. பாலத்தின் அடிப்பக்கம் இப்போது கிடைக்குமா?”

ஒதிலியா அதை எலியோவிடம் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அவள் மறைப்பதற்குள் அவனே பார்த்துவிட்டான். வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான். அப்புறம் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்துப் பார்க்காதவள் அவள். கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தான். சட்டென்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

“பதில் போடாதே, கிழவி.”

“போடல.”

கார்டை அடுப்பில் வைத்தாள். வந்த கார்டுக்கு அவள் பதில் போடாதது அதுதான் முதல் தடவை. புருஷனை உள்ளே அனுப்பியதும் அந்த மனுஷர்தான், வெளியே கொண்டுவந்ததும் அவர்தான், இரண்டும் அவருக்குத் தெரியாது. நன்றி என்று ஒரு வார்த்தை எழுதக்கூட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அதை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். வெட்கம் பயத்தை ஜெயிக்கவில்லை.

அந்த வருஷப் புத்தாண்டுக்கு ஒரு பாலம் வந்தது. பதில் போடவில்லை. அடுத்த புத்தாண்டுக்கும் வந்தது. போடவில்லை. கேப்டன் இரிபார்னே மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தார். நீலப் பென்சில் மட்டும் மாறவில்லை. மூன்றாவது புத்தாண்டுக்கு, பனி மூடிய ஒரு கல்பாலத்தின் பின்னால் இப்படி இருந்தது:

“தங்களிடமிருந்து பதில் இல்லை. மீண்டும் நோயுற்றீர்களா? கவலையாக உள்ளது. நண்பர்களுக்கு அறிவிக்கட்டுமா?”

எலியோ படித்துவிட்டு மேஜைமேல் வைத்தான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது.

“இதுக்குப் போட்டுத்தான் ஆகணும்,” என்றாள் ஒதிலியா.

“போடு.”

“என்ன போடறது?”

“உண்மையைப் போடு. அதுவும் ரொம்பப் போடாதே.”

சதுக்கத்துப் படம் ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்து எழுதினாள்: ‘நலம். நண்பர்களுக்கு அறிவிக்க வேண்டாம். நாங்கள் இருவரும் நலம்.’ எழுதிவிட்டு அந்த ‘இருவரும்’ என்ற வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பென்சில்காரன் இதன் கீழே கோடு போடுவானோ, யார் அந்த இரண்டாவது ஆள் என்று கேட்பானோ என்று தோன்றியது. அடித்துவிடலாம் என்று பேனாவைத் தூக்கினாள்.

எலியோ அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினான். மடங்காத விரல்களுக்கு நடுவே அதைச் செருகி, கார்டைத் தன் பக்கம் திருப்பி, அவள் பெயருக்குக் கீழே கோணலும் மாணலுமாகத் தன் பெயரையும் எழுதினான். எலியோ என்று ஒருவன் இருப்பதே யாரோமிருக்குத் தெரியாது.